கதவு சாத்திய அறையில் நாற்பது பிள்ளைகள்

1

நேற்று மத்தியானம் பேராசிரியர் என் மேஜைமேல் நீல அட்டை போட்ட ஒரு சின்னப் புத்தகத்தை வைத்தார். அச்சு மையின் வாசம் இன்னும் போகவில்லை. "கடைசிப் பக்கத்தைப் பாரும்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அங்கே ஓர் அட்டவணை இருந்தது. பல தேசத்துக் குழந்தைகளின் புத்தியை அளந்து, தேசத்துக்கு ஒரு வரியாகப் போட்டிருந்தார்கள். கீழே, எல்லாவற்றிலும் சிறிய எண்ணுக்கு நேரே, "தென்னிந்தியக் குழந்தைகள்" என்று இருந்தது.

அந்தத் தென்னிந்தியக் குழந்தைகளை எனக்குத் தெரியும். மொத்தம் நாற்பது பேர். எல்லாரும் பாளையங்கோட்டையில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த பெண்பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி என் மகள்.

என்னை இந்தப் பத்திரிகையில் முன்பு வாசித்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் மாசிலாமணி, பாளையங்கோட்டையில் வாத்தியாராக இருந்தவன். பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் என் மனைவி போய்ச் சேர்ந்தாள். மறு வருஷம், ஊழியம் முடித்துத் தாய்நாடு திரும்பிய ஒரு வயதான மிஷனரிக்கு எழுத்து வேலையில் துணையாக ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறினேன். கைக்குழந்தை எஸ்தரை அன்னம்மாள் அக்காளிடம் விட்டேன். இரண்டு வருஷத்தில் திரும்புவதாகப் பேச்சு. மிஷனரி காலமானார். அதற்குள் இங்குள்ள சர்வகலாசாலையில், மனித மனம் எப்படி வேலை செய்கிறது என்று அளந்து பார்க்கிற ஓர் அறையில் எனக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது. அந்த இரண்டு வருஷம் பதிமூன்றாகி நிற்கிறது.

காலையில் அறையைத் திறந்து விளக்கேற்றுவேன். இங்கே குளிர்காலத்தில் ஒன்பது மணிக்கும் விளக்கு வேண்டும். கடிகாரங்களுக்குச் சாவி கொடுப்பேன், பித்தளைக் கருவிகளைத் துடைப்பேன், கேள்விச் சீட்டுகளை அடுக்குவேன். சாயங்காலம் வாடகை அறைக்குத் திரும்புவேன். இந்தத் துறைமுகப் பட்டணத்தில் தமிழ் பேச எனக்கு ஓர் ஆள் கிடையாது. சில நாள் முகம் கழுவும்போது பதினாறாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்வேன். வாய் தமிழை மறந்துவிடக் கூடாதே என்றுதான்.

நம் ஊரில் சரி என்பதற்குத் தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவோம் அல்லவா? வீட்டுக்கார அம்மாள் அதை வேண்டாம் என்று எடுத்துக்கொண்டதால், முதல் குளிர்காலம் முழுவதும் எனக்கு இரண்டாம் முறை ரொட்டி பரிமாறவே இல்லை. இந்தியர்கள் அற்ப ஆகாரக்காரர்கள் என்று தெருவெல்லாம் சொல்லியும் வைத்திருந்தாள். ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் பிறந்த ஊரைக் கேட்டார். பாளையங்கோட்டை என்றேன். எழுத்துக் கூட்டச் சொன்னார். பாதியிலேயே பேனாவை எடுத்துவிட்டு "இந்தியா" என்று எழுதிக்கொண்டார். இங்கே யாரும் என்னை ஓர் ஆளாகப் பார்ப்பதில்லை. நான் என்ன தின்றாலும் என்ன சொன்னாலும் அது முப்பது கோடிப் பேர் தின்றதாகவும் சொன்னதாகவும் ஆகிவிடும். இத்தனை கோடிப் பேராக இருப்பதுபோலத் தனிமை வேறு இல்லை.

2

பேராசிரியர் கெட்ட மனிதர் இல்லை. மழையில் நனைந்து வந்தால் தன் நாற்காலியைக் கணப்பருகே இழுத்துப் போட்டு என்னை உட்காரவைப்பார். நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார். இது எழுத்தில் இருக்கட்டும்.

சில வருஷங்களுக்கு முன்பு அவர் ஞாபகசக்தியை ஆராய்ந்துகொண்டிருந்தார். அர்த்தமே இல்லாத அசைகளை வரிசையாக வாசிப்பார். எதிரே இருப்பவர் அதே வரிசையில் திருப்பிச் சொல்லவேண்டும். உட்காருகிறவர்கள் எல்லாரும் அவருடைய மாணவர்கள், இருபது வயது வாலிபர்கள், ஒரேவிதமான பள்ளிக்கூடங்களில் படித்து வந்தவர்கள். அவர்கள் எத்தனை அசைகளைச் சொன்னார்களோ, அதையே "மனிதனின் ஞாபகசக்தி இவ்வளவு" என்று எழுதுவார்.

ஒருநாள் ஒரு மாணவன் வரவில்லை. என்னை உட்காரச் சொன்னார். நான் ஐந்து வயதில் மணலில் விரல் தேயத் தேய எழுதி, எண்சுவடியைத் தலைகீழாக ஒப்பித்து வளர்ந்தவன். அவர் வாசித்ததை ஒரு ராகத்தில் போட்டுக்கொண்டு அப்படியே திருப்பிச் சொன்னேன். வரிசையை நீட்டினார். அதையும் சொன்னேன். இன்னும் நீட்டினார். மறுநாளும் கூப்பிட்டுப் பார்த்தார். கடைசியில் என் தாளின் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு இழுத்தார்.

"நீர் ஒரு விதிவிலக்கு, மாசிலாமணி. உம்மைச் சேர்த்தால் சராசரி கெட்டுப்போகும்" என்றார்.

அன்றைக்கு எனக்குப் பெருமையாகவே இருந்தது. அக்காளுக்கு எழுதினேன். அவளுடைய பதில் இரண்டு மாதத்தில் வந்தது. "ஏலே தம்பி, அர்த்தமில்லாத பேச்ச மனசுல வச்சுக்கிட சீமைக்கா போகணும்? நம்ம சபைக் கூட்டத்துல ஒரு நா வந்து இருந்தாப் போதாதா?" என்று எழுதியிருந்தது. அந்தச் சமயத்தில் அக்காளின் கடிதங்கள் அப்படித்தான் வந்தன. முன்பெல்லாம் எங்கள் சபை உபதேசியார் கையால் நாலு வரி வரும்: எல்லாரும் சௌக்கியம், மழை இல்லை, ஜெபத்தில் நினைத்துக்கொள்ளவும். பிறகு கையெழுத்து மாறியது, கடிதமும் மாறியது. ஆற்றில் வெள்ளம் வந்து பாலத்தடியில் யாருடைய கோழிக்கூடு போனது, கல்யாண வீட்டில் யார் யாரோடு முறைத்துக்கொண்டார் என்று மூன்று பக்கம். படித்துவிட்டுத் தனியே சிரிப்பேன். வீட்டுக்கார அம்மாள் கதவைத் தட்டி உடம்புக்கு என்ன என்று கேட்பாள். அக்காளுக்கு வயதாக ஆக இப்படி வாய் திறந்துவிட்டதே என்று நினைத்துக்கொள்வேன்.

3

பழைய ராஜா காலமாகிப் புது ராஜா பட்டத்துக்கு வந்த சமயம். குழந்தைகளின் புத்தியை அளக்க ஒரு புதுவிதக் கேள்விப் பெட்டியைப் பேராசிரியர் தயாரித்திருந்தார். இந்த ஊர்ப் பிள்ளைகளிடம் அது நன்றாக வேலை செய்தது.

"மனம் எங்கும் ஒன்றுதான். உம்முடைய ஊரில் போய் அளந்து வாரும். ஆனால் நிபந்தனைகள் எல்லாம் இங்கே இருக்கிறபடியே இருக்கவேண்டும்" என்றார்.

நிபந்தனைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மேஜை, நாற்காலி, சாத்திய அறை. குழந்தை தனியாக வரவேண்டும். கேள்வியை எழுதியிருக்கிறபடியே ஒரே ஒரு முறை வாசிக்கவேண்டும். சிரிக்கக் கூடாது, தலையசைக்கக் கூடாது. கடிகார முள் ஒரு சுற்றுச் சுற்றும்வரை பதில் வராவிட்டால் பூஜ்யம்.

புத்தகத்தில் என் பெயர் வரும் என்றும் சொன்னார். அந்த ஆசை எனக்கு இருந்தது, மறைக்கவில்லை.

கொழும்பு வழியாகத் தூத்துக்குடியில் இறங்கி, ரயிலேறி, ஆற்றுப் பாலத்தை மாட்டுவண்டியில் தாண்டினேன். பதினோரு வருஷத்துக்குப் பிறகு வந்தவனை அக்காள் வாசலில் நின்று ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏலே, இங்கன அடிக்கிற வெயிலுக்கு இந்தக் கம்பளிச் சட்டையாலே? கழத்திப் போடு மொதல்ல" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

எஸ்தர் கதவுக்குப் பின்னால் நின்றாள். பன்னிரண்டு வயது. அவள் அம்மாவின் நெற்றி. "அப்பான்னு கூப்பிடு பிள்ளே" என்று அக்காள் முன்னால் தள்ளினாள். அவள் "வாங்க" என்று மட்டும் சொன்னாள். வாரத்தில் ஆறு நாள் பள்ளிக்கூடத்துப் போர்டிங்கில் இருப்பாள், சனிக்கிழமை வீட்டுக்கு வருவாள். அந்த முதல் சனிக்கிழமை முழுவதும் என்னோடு வேறு பேச்சில்லை.

அவள் படித்த பள்ளிக்கூடத்தையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டேன். அதை நடத்திய வெள்ளைக்காரத் துரைசானி அம்மாள் சந்தோஷமாகச் சம்மதித்தார். கிணற்றடியில் இருந்த சாமான் அறையை ஒழித்து, மேஜை நாற்காலி போட்டு, கதவைச் சாத்திக்கொண்டேன். வாசல் பக்கம் வயதான ஆயா ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நான் கம்பளிக் கோட்டும் பூட்ஸும் போட்டிருந்தேன், ஏனென்றால் இங்கே ஆராய்ச்சி அறையில் அப்படித்தான் போடுவேன்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். பாதிப் பேர் அதுவரை நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. நுனியில் ஒட்டிக்கொண்டு, கால் தரையில் எட்டாமல், பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். முன்பின் தெரியாத ஓர் ஆண்பிள்ளை சாத்திய அறையில் இருந்துகொண்டு, புத்தகத் தமிழில், "இவ்விரண்டு கோடுகளில் எது நீளமானது?" என்று கேட்டான். கேட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தான்.

திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்த பாக்கியம் என்கிற பிள்ளை ஒருத்தி மட்டும் துணிந்து வாய் திறந்தாள். "நீ போகவேண்டிய ரயில் புறப்பட்டுப் போய்விட்டால் என்ன செய்வாய்?" என்ற கேள்வியை வாசித்தேன். அவள் ஊருக்கு ரயிலே கிடையாது.

"எங்க அய்யா வண்டி கெட்டிட்டு வருவாவ" என்றாள்.

அடுத்த ரயிலுக்குக் காத்திருப்பேன் என்பதுதான் தாளில் இருந்த சரியான விடை. பூஜ்யம் போட்டேன்.

பதினேழாவதாக எஸ்தர் வந்தாள். நான் மற்றவர்களிடம் எப்படி இருந்தேனோ அப்படியே இருந்தேன். அதில் ஒரு கர்வம்கூட இருந்தது. இரண்டு கோடுகளைக் காட்டினேன். அவள் கோடுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முள் சுற்றி வந்தது. மூக்கு வரையாத முகத்தின் படத்தைக் காட்டி என்ன குறைகிறது என்றேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. முள் சுற்றி வந்தது. அப்படியே கடைசிவரை. என் கையால் என் மகள் பேருக்கு நேரே பூஜ்யங்களை எழுதினேன். ஒன்று சொல்லவேண்டும். நான் அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன். அந்த அறை அந்தப் பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் தாளில் இருந்தபடி செய்தேன்.

4

வேலை முடிந்ததும் துரைசானி அம்மாள் மதிப்பெண் பட்டியலின் ஒரு பிரதியைக் கேட்டார். உபாத்தியாயினிப் பயிற்சி வகுப்புக்கு அந்த மாதம் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கவேண்டி இருந்தது. வழக்கமாக வகுப்பு வாத்தியாரம்மாமார் சொல்கிறவர்களைத்தான் எடுப்பார். இந்த முறை சர்வகலாசாலையின் கருவியே இருக்கிறதே! நானும் கொடுத்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை எஸ்தர் வீட்டுக்கு வந்து பெட்டியை மூலையில் வைத்தாள். அவளைப் பயிற்சி வகுப்புக்கு எடுக்காமல், லேஸ் பின்னுகிற பிள்ளைகளோடு போட்டுவிட்டார்களாம். படிப்பு வராது என்று தீர்மானித்த பிள்ளைகளைத்தான் அங்கே போடுவது. அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அக்காள் அடுப்பைவிட்டு எழுந்து வந்தாள்.

"ஏலே, ஒனக்குக் கோட்டியா புடிச்சிருக்கு? பெத்த பிள்ளைக்குப் புத்தியில்லன்னு ஒங் கையால எழுதிக் குடுத்திருக்கியே!"

"அது நானா எழுதல அக்கா. கேட்ட கேள்விக்கு அவ பதிலே சொல்லல."

"அவளா? அவ வாய ஒரு நிமிஷம் மூட வைக்க முடியாம நான் பாடாப் படுதேன். ஒங்கிட்ட பதில் சொல்லலேன்னா, நீ என்னத்தலே கேட்ட?"

பின்கட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். கிணற்றடியில் எஸ்தர் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் நாலைந்து பெண்கள். அந்தத் தெருவில் பாதி வீட்டில் புருஷன் கொழும்பிலோ ரங்கூனிலோ இருந்தான்.

"ஏட்டி எஸ்தரு, சின்னவனுக்குப் பல்லு மொளச்சிருக்குன்னு எழுது. மாட்ட வித்தத இப்பம் எழுதாத, அவுக வெசனப்படுவாவ" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, மாமியார் பேசிய பேச்சை எல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லி, "இத அப்படியே எழுதாத, ஆனா அவுகளுக்கு வெளங்கணும்" என்றாள். எஸ்தர் வாளியை இழுத்தபடியே "சரி அத்தே, சரி மயினி" என்றாள். ஒரு வார்த்தை குறித்துக்கொள்ளவில்லை.

வெயில் தாழ்ந்ததும் வாசல் நடையில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். நாலு கடிதங்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு தனிக் குரல். சின்னவனின் பல் இருந்தது, மாடு இல்லை. மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, ஆனால் வாசிக்கிற புருஷனுக்கு எல்லாம் விளங்கிவிடும். நான் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். முதலில் விஷயத்தைத்தான் பார்த்தேன். அப்புறம்தான் அந்தக் கையெழுத்தைப் பார்த்தேன்.

மூன்று வருஷமாக நான் தலையணைக்கடியில் வைத்திருந்த கையெழுத்து அது.

அக்காளிடம் போனேன்.

"நீ அனுப்பின கடுதாசி எல்லாம்..."

"எனக்கு எழுத்து ஏதுலே? உபதேசியாரு மாறிப் போனதுக்கப்புறம் அவதான் எழுதுதா. சௌக்கியம்னு எழுது பிள்ளேம்பேன். மிச்சமெல்லாம் அவ சரக்கு. வாசிச்சுக் காட்டும்போது எனக்கே சிரிப்பு வந்துரும்."

சபைக் கூட்டத்தைப் பற்றி எழுதியபோது அவளுக்குப் பத்து வயதுகூட ஆகியிருக்காது. மூன்று வருஷம் எனக்குத் துணையிருந்த ஒரே குரல் என் மகளுடையது. அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தவன், ஆளை எதிரே உட்காரவைத்து, பதில் இல்லை என்று எழுதியிருக்கிறேன்.

மறுநாள் ஆராதனை முடிந்து நடந்து வரும்போது அவளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அன்னைக்கு ஏம்மா ஒண்ணுமே சொல்லல?"

கொஞ்ச தூரம் நடந்தாள்.

"எந்தக் கோடு நீளம்னு ஒங்களுக்குத் தெரியுமே" என்றாள். "நீங்கதான வரஞ்சு கொண்டாந்திய. தெரிஞ்சத ஒரு பெரியவுக கேட்டா, வேற என்னமோ கேக்காவன்னுதான அர்த்தம்? அது என்னன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள நீங்க எழுதிட்டிய."

"மூக்கு இல்லாத படத்துக்கு?"

"மூக்கு இல்லன்னு கண்ணு தெரியாதவுகளுக்குல்லா சொல்லணும்?" என்றாள். சிரித்துவிடுவாள் போல இருந்தது, சிரிக்கவில்லை. பிறகு, "நீங்க என்னையப் பாக்கவே இல்ல. கடியாரத்தத்தான் பாத்திய" என்றாள்.

5

திங்கட்கிழமை காலையில் துரைசானி அம்மாளிடம் போனேன். பட்டியலைத் திருப்பித் தரும்படி கேட்டேன். அவர் தமிழ் நன்றாகப் பேசுவார், அச்சடித்த தமிழ்.

"உம்முடைய மகளின் பொருட்டு வந்திருக்கிறீரா?" என்றார்.

"மகளால்தான் தெரிந்தது, அம்மா. மகளுக்காக மட்டும் வரவில்லை. நாற்பது பேருக்கும் இது தவறு."

"எப்படித் தெரியும்? ஒரு குழந்தை கூச்சப்பட்டால் நாற்பது குழந்தைகளும் கூச்சப்பட்டார்கள் என்று ஆகுமா?"

நியாயமான கேள்வி. ஒருத்தியை வைத்து எல்லாரையும் சொல்வது தப்பு என்று சொல்லத்தான் நான் போயிருந்தேன். நானும் அதையே செய்தால் எப்படி? எனக்குப் பத்து நாள் கொடுங்கள் என்றேன்.

கம்பளிக் கோட்டை அக்காள் வீட்டிலேயே விட்டுவிட்டு வேட்டியோடு போனேன். வேப்பமரத்தடியில் மணலில் உட்கார்ந்தேன். பிள்ளைகளை மூன்று மூன்று பேராக வரச்சொன்னேன். கேள்விகளை நான் கேட்கவில்லை. அவர்களையே ஒருவரை ஒருவர் கேட்கச் சொல்லி, வார்த்தைகளையும் அவர்கள் போக்கில் விட்டேன். சாமான் அறையில் ஊமையாக இருந்த பிள்ளைகள் மரத்தடியில் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசினார்கள். எல்லாரும் கெட்டிக்காரிகளாக மாறிவிடவில்லை. மூன்று பேருக்கு அங்கேயும் ஒன்றும் வரவில்லை, இரண்டு பேர் முதலில் வாங்கிய எண்ணையே மறுபடியும் வாங்கினார்கள். ஆனால் என் பட்டியலின் வரிசை தலைகீழாகிவிட்டது.

துரைசானி அம்மாள் பக்கத்தில் நாற்காலி போட்டு இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் பட்டியலை என் கையில் கொடுத்தார்.

"நான் அவசரப்பட்டேன். இந்த அம்மாமார் பிள்ளைகளை வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் உம்முடைய கடிகாரத்தைக் கேட்டேன்" என்றார்.

எஸ்தரும் மற்றவர்களும் வகுப்புக்குத் திரும்பினார்கள், பாக்கியத்தைத் தவிர. மரத்தடிக்கும் அவள் வரவில்லையே என்று விசாரித்தேன். பட்டியல் வந்த வாரமே, படிப்பு வராது என்று சொல்லி அவள் தகப்பனாருக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அவர் வண்டி கட்டிக்கொண்டு வந்து பிள்ளையைக் கூட்டிப் போய்விட்டார்.

துரைசானி அம்மாள் கடிதம் கொடுத்தார். வண்டி பிடித்துக்கொண்டு திசையன்விளைக்குப் போனேன். தெற்கே போகப் போக வயல் போய்ச் செம்மண் வந்தது, அப்புறம் கண்ணுக்கெட்டியவரை பனை. பாக்கியத்தின் அய்யா கருப்பட்டி வியாபாரி. என்னைப் பாயில் உட்காரவைத்துப் பதநீர் கொடுத்தார். கடிதத்தை வாங்கி, பிரிக்காமல் பக்கத்தில் வைத்தார்.

"அண்ணாச்சி, பிள்ளைக்குப் பரியம் போட்டாச்சு. வார மாசம் கல்யாணம்."

"அந்தப் பட்டியல் தப்பு அண்ணாச்சி. தப்பு என்னோடது. உங்க பிள்ளை நல்ல புத்திசாலி. நானே மறுபடியும் பார்க்கணும்னு வந்திருக்கேன்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"சீமையிலேர்ந்து வந்த காயிதம் சொல்லிட்டுன்னு சொன்னாவ. இப்பம் நீங்க இல்லேங்கிய. நாளைக்கு இன்னொருத்தர் வேற ஒண்ணு சொல்லுவாவ. பிள்ளைய நான் எத்தன தடவ வண்டியில ஏத்தி எறக்க முடியும்? நாங்க பட்டிக்காட்டு ஆளுவ. ஒரு வார்த்த சொன்னா நம்பிருவோம். அதான் எங்க பெலம், அதான் எங்க தப்பு."

பாக்கியம் உள்ளே இருந்தாள். புடவை கட்டியிருந்தாள். நான் புறப்படும்போது கதவோரம் வந்து நின்று, "எஸ்தரு நல்லாருக்காளா?" என்று மட்டும் கேட்டாள். இருக்கிறாள் என்றேன்.

6

ஸ்காட்லாந்து திரும்பியதும் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மரத்தடித் தாள்களையும் காட்டினேன். ஒன்றுவிடாமல் கேட்டார், குறுக்கிடவில்லை.

"மரத்தடியில் நீர் செய்தது அன்பான காரியம். ஆனால் அது அளவை இல்லை. விதிப்படி நடந்தது முதலாவதுதான்" என்றார்.

"விதி இந்த அறைக்காக எழுதியது ஐயா. அங்கே அதே விதி வேறொன்றை அளந்துவிட்டது. பயத்தை அளந்திருக்கலாம், மரியாதையை அளந்திருக்கலாம். புத்தியை அளக்கவில்லை."

"இருக்கலாம்" என்று ஒத்துக்கொண்டார். அவர் அப்படி ஒத்துக்கொள்கிறவர்தான்.

அப்படியானால் அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்றேன். முடியாது என்றார். சரி, "பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்து நாற்பது பெண்பிள்ளைகள், சாத்திய அறையில், அறிமுகமில்லாத ஒருவன் கேட்டபோது" என்றாவது போடுங்கள் என்றேன். அவ்வளவு நீளமான வரி அட்டவணையில் கொள்ளாது என்றார். அது வேடிக்கையாகச் சொன்னது இல்லை. நேற்று வந்த புத்தகத்தில் "தென்னிந்தியக் குழந்தைகள்" கச்சிதமாகக் கொண்டிருக்கிறது. முன்னுரையில் "ஓர் இந்திய உதவியாளருக்கு" நன்றி சொல்லியிருக்கிறார். பெயர் இல்லை. அந்தப் புத்தகத்தில் என் பெயர் இல்லாததற்கு இன்று நான் சந்தோஷப்படுகிறேன்.

ஒன்றை நினைத்தால் மட்டும் ஆறவில்லை. நான் நன்றாகச் செய்தபோது விதிவிலக்கு என்று என்னை வெளியே எடுத்துவிட்டார். அந்தப் பிள்ளைகள் வாய் திறக்காதபோது அவர்களை ஒரு தேசமாக்கிவிட்டார். அதைச் செய்தது ஒரே பென்சில்.

அவரை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. "வெள்ளைக்காரர் அண்டை வீட்டாரோடு முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்" என்று இதே பத்திரிகையில் நான் முன்பு எழுதினேன். எத்தனை வெள்ளைக்காரரைப் பார்த்துவிட்டு எழுதினேன்? என் வீட்டுக்கார அம்மாளுக்கும் எதிர்வீட்டுக்காரிக்கும் ஒரு வேலித் தகராறு. அவ்வளவுதான் நான் பார்த்தது. படித்தவர்கள் அதைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

ஊருக்குத் திரும்பி வந்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அக்காளும் அதைத்தான் கேட்கிறாள். வரவேண்டும் என்று ஒவ்வொரு குளிர்காலமும் நினைக்கிறேன். வந்தால் எஸ்தர் கதவுக்குப் பின்னால்தான் நிற்பாளோ என்று ஒரு பயம். இந்தப் பக்கமிருந்து எழுதினால் கடிதமாவது வருகிறது.

ஆனால் அந்தக் கடிதமும் மாறிவிட்டது. எழுதுவது அவள்தான் என்று எனக்குத் தெரிந்துபோன பிறகு, எஸ்தர் தன் பெயரிலேயே எழுதுகிறாள். "மிகுந்த கனம்பொருந்திய தகப்பனார் அவர்களுக்கு" என்று தொடங்குகிறாள். எல்லாரும் சௌக்கியம். வகுப்பில் இரண்டாவதாக வந்திருக்கிறாள். ஜெபத்தில் நினைத்துக்கொள்ளவும். "கீழ்ப்படிதலுள்ள மகள்." ஆறாவது வரியில் முடிந்துவிடுகிறது. கோழிக்கூடு இல்லை, கல்யாண வீடு இல்லை. அத்தை பெயரில் எழுதியபோது என்னை ஏலே என்று கூப்பிட்டுக் கேலி செய்த பிள்ளை, மகளாக உட்கார்ந்தால் எழுத்துக் கூட்டி எழுதுகிறாள். அவளேதான் எழுதுகிறாள், அதே கையால். படித்துவிட்டு மடித்து வைக்கிறேன். வீட்டுக்கார அம்மாள் கதவைத் தட்டிக் கேட்க இப்போது ஒன்றும் இல்லை.

இன்று காலைத் தபாலில் ஒன்று வந்தது. அதே ஆறு வரி, அதே கையொப்பம். மடிக்கப் போனேன். தாளின் பின்பக்கம், ஓரத்தில், சின்ன எழுத்தில் இப்படி இருந்தது:

"அத்தை சொல்லச் சொன்னது: ஏலே தம்பி, பாலத்தடியில இந்த வருசமும் வெள்ளம். போன தடவ கோழிக்கூட்ட விட்டவரு இந்தத் தடவ கூட்டுக்குள்ள தானும் ஏறி உக்காந்துட்டாரு. கோழிக மட்டும் கரையில நிக்குது."

இதை அக்காள் சொன்னாளா, எஸ்தரே எழுதினாளா என்று எனக்குத் தெரியாது. கேட்டு எழுதப்போவதில்லை. "அந்த மனுஷரைக் கரையேற்றினார்களா இல்லையா? அக்காளை விவரமாக எழுதச் சொல்" என்று மட்டும் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன். பதில் வர இரண்டு மாதம் ஆகும்.